பேஸ்மென்டில் தண்ணீரா? வரும் நேரத்தை வைத்து வரும் இடத்தைப் பிடிப்பது எப்படி

பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம், இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் உள்ள ஓர் அபார்ட்மென்ட்டில் 11 வருடமாகக் குடியிருக்கிறேன். அதில் 4 வருடம் அசோசியேஷன் கமிட்டியில் பராமரிப்புப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்த 4 வருடத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் வந்த படம் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் தண்ணீரின் படம்தான், கூடவே "இன்னைக்கும் அதே இடம்" என்று ஒரு வரி. நாங்களும் ஒவ்வொரு முறையும் அதே தப்பைச் செய்தோம். ஈரம் தெரிந்த இடத்தைக் கொத்தி, கெமிக்கல் ஏற்றி, பூசி, பில் கட்டினோம். இரண்டு மாதம் காய்ந்திருக்கும், அப்புறம் மூன்றடி தள்ளி வேறொருவர் கார் மேல் சொட்டும்.

கான்கிரீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடமும் அது வெளியே வரும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஜாயிண்ட் வழியாக, பைப் ஓரமாக, ஸ்லாபுக்கு மேல் போட்ட கலவைக்குள் ஊர்ந்து, பத்து மீட்டர் தள்ளிக்கூட இறங்கும். ஆனால் அது வரும் நேரத்துக்கு ஒரு காரணம் இருந்தே தீரும். மழையோடு வருகிறதா, மழை விட்ட பிறகா, மழையே இல்லாத பிப்ரவரியிலா, தினமும் காலையிலா, நாள் முழுக்கவா என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் இடத்தில் நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போங்கள், ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள்.

தண்ணீர் நிற்கும்போது, இறங்கும் முன்

2025 மே மாதம் பிடிஎம் லேஅவுட்டில் ஓர் அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்டில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கப் போனபோது மின்சாரம் பாய்ந்து ஒரு பெரியவரும் 12 வயதுப் பையனும் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய வருடம், 2024 ஜூலை 27 அன்று, டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்டுக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எந்தக் காரும் இதற்கு ஈடில்லை.

கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலும் கரண்ட் முழுவதும் நிற்கும்வரை யாரும் கீழே போகக் கூடாது. மெயின் பேனல் தரைத்தளத்தில் இருந்தால் அங்கேயே அணையுங்கள். பல அபார்ட்மென்ட்டுகளில் பேனலே பேஸ்மென்டில்தான் இருக்கிறது, அப்படியென்றால் தண்ணீருக்குள் நடந்துபோய் அணைக்க முயலாமல் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912-க்குக் கூப்பிட்டு டிரான்ஸ்ஃபார்மரிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். இதில் பலருக்குத் தோன்றாத ஒன்று இருக்கிறது: கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகி, அதே பேஸ்மென்ட் லைட்டுக்கும் மோட்டாருக்கும் மறுபடி மின்சாரம் கொடுத்துவிடும். எனவே ஜெனரேட்டரின் ஆட்டோ சுவிட்சை முதலில் ஆஃபில் போடுங்கள். மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பாயிண்ட்டுகளுக்குத் தனி மீட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். லிஃப்டை மேல் மாடி ஒன்றில் நிறுத்திவிட்டு அணைத்துவிடுங்கள்.

டீசல் பம்பைப் பேஸ்மென்டுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய இடத்தில் ஆளையே சாய்த்துவிடும். பம்ப் மேலே ரேம்பிலோ வெளியிலோ இருக்கட்டும், ஹோஸ் மட்டும் கீழே போகட்டும். அப்புறம், பேஸ்மென்ட் ஆள் உயரத்துக்கு நிறைந்திருந்தால் ஒரே மூச்சில் இறைத்துத் தள்ளாதீர்கள். சுவருக்கு வெளியே மண் முழுக்கத் தண்ணீர் குடித்துக் கனத்து நிற்கும்போது உள்ளே சட்டென்று காலியானால் அந்த அழுத்தமெல்லாம் சுவர் மேலும் தரை மேலும் ஏறும். ஓர் அடி இறக்கி, சுவரில் கோடு போட்டு, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். மறுபடி கோட்டுக்கு மேல் ஏறினால் வெளியே நீர்மட்டம் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். நனைந்த காரை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே அது போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, சாக்பீஸ், டார்ச், அளவு தெரிந்த ஒரு பக்கெட், தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், குடிநீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து, கேசரிக்குப் போடும் கலர் பொடி, ஓரடி சதுர பிளாஸ்டிக் தாள், டேப். இவ்வளவு போதும், பெரிய செலவு எதுவும் கிடையாது.

இவற்றில் நோட்டுதான் முக்கியம், அதைச் செக்யூரிட்டி மேசையில் வையுங்கள். ரோந்து போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தூண் எண், நேரம், சொட்டுகிறதா ஓடுகிறதா, அன்றைக்கு மழை உண்டா என்று நான்கே விஷயம் எழுதட்டும். ஈரத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றித் தேதி போடுங்கள். சொட்டுக்குக் கீழே பக்கெட் வைத்து அளந்தால் பேச்சில் இருக்கும் மிகை போய்விடும். 10 லிட்டர் பக்கெட் 50 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 288 லிட்டர், இந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கமிட்டியும் காது கொடுக்கும்.

டிடிஎஸ் மீட்டரை வைத்து முதலில் காவிரிக் குழாய், போர்வெல், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்டிபியிலிருந்து ஃப்ளஷுக்குப் போகும் தண்ணீர் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், மூன்றும் வேறு வேறாக இருக்கும். கசியும் தண்ணீர் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டால் ஒரு திசை கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கான்கிரீட்டுக்குள் மெதுவாக ஊறி வரும் தண்ணீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் மழைநீருக்கே டிடிஎஸ் எகிறிக் காட்டும். வேகமாக ஓடி வரும் தண்ணீரில்தான் இந்த அளவை நம்பலாம். குளோரின் சொட்டில் மஞ்சள் நிறம் வந்தால் அது குளோரின் போட்ட ஏதோ ஒரு குழாய்த் தண்ணீர், மண்ணிலிருந்து வந்ததாக இருக்க வழியில்லை. நிறம் வராவிட்டால் மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள், வரும் வழியிலேயே குளோரின் தீர்ந்துபோயிருக்கலாம்.

அறிகுறி: மழை பெய்யும்போதே ரேம்ப் வழியாக ஓடி வருகிறது

இது கசிவில் சேராது, வெள்ளம். கணக்கு போட்டுப் பார்த்தால் பிரச்சினை எங்கே என்று உடனே தெரியும். 6 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் உள்ள திறந்த ரேம்பின் பரப்பு 120 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை பெய்தால் ரேம்ப் மேல் நேராக விழுவது மட்டும் 7,200 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 120 லிட்டர். 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூரும் மூழ்கியபோது பெங்களூரில் ஒரே நாளில் 131.6 மி.மீ. பெய்தது, அந்த மழை இதே ரேம்பில் கிட்டத்தட்ட 15,800 லிட்டர் ஊற்றியிருக்கும். உங்கள் மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரத்துக்கு என்று போட்டிருக்கும், அதைப் பார்த்தீர்களானால் ரேம்ப் மழைக்கு அது போதுமா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் போதும். அப்படியும் மூழ்கினால் வருவது ரோட்டுத் தண்ணீர்.

ரேம்பின் தலைப்பில் ஒரு மேடு இருக்கும், ரோட்டுத் தண்ணீரை அதுதான் தடுக்க வேண்டும். கட்டியபோது அது ரோட்டைவிட உயரமாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் தார் மேல் தார் போட்டார்கள், சில தெருக்களில் பழைய ரோட்டுக்கு மேலேயே ஒயிட் டாப்பிங் கான்கிரீட் போட்டார்கள், இப்போது ரோடு மேட்டுக்குச் சமமாகவோ அதைவிட உயரமாகவோ நிற்கிறது. ஒளி ஊடுருவும் ட்யூபில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அதை வைத்து ரோட்டு நடுவையும் மேட்டையும் பாருங்கள். மேட்டை உயர்த்தினால் தாழ்வான காரின் அடி தட்டும் என்றால் இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் பதித்து, மழை எச்சரிக்கை வந்தால் பலகை சொருகும்படி செய்யலாம். பலகை எங்கே இருக்கிறது என்பது இரவு ஷிஃப்ட் செக்யூரிட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் பெரிய மழை பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான் பிடிக்கிறது.

அடுத்து ரேம்பின் குறுக்கே உள்ள கம்பி மூடி போட்ட கால்வாய். இலையும் பால் பாக்கெட்டும் சேர்ந்து அடைத்திருந்தால் தண்ணீர் அதன் மேலேயே தாண்டி ஓடும். கால்வாய் போய்ச் சேரும் குழியைத் திறந்து பாருங்கள். மோட்டார் இருக்கிறது, ஃப்ளோட் கயிறு பைப்பில் சுற்றிச் சிக்கியிருக்கிறது, அதனால் ஓடவில்லை, இதை மட்டும் நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை குழியில் பக்கெட்டால் தண்ணீர் ஊற்றி ஃப்ளோட் ஏறி மோட்டார் தானாக ஓடுகிறதா என்று பார்ப்பதைவிட மலிவான வெள்ளத் தடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. மோட்டார் ஓடியும் குழி காலியாகாவிட்டால் வெளியேற்றும் பைப்பில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா, அந்தப் பைப் எங்கே கொட்டுகிறது என்று தேடுங்கள். நிரம்பி வழியும் அதே ரோட்டுக் கால்வாயில் கொட்டினால் அதே தண்ணீர்தான் ரேம்ப் வழியாகத் திரும்பி வரும். மோட்டாரின் பேனல் தரைத்தளத்தில் இருப்பதும் முக்கியம், முதலில் மூழ்குவது பேனல் என்றால் அந்த மோட்டார் இருந்தும் பயனில்லை.

அறிகுறி: மழை விட்டுச் சில மணி நேரம் கழித்து, கூரையிலிருந்து சொட்டுகிறது

மேலே போடியம் இருந்தால் இதுதான் முதல் சந்தேகம். குழந்தைகள் விளையாடும் இடமும் புல்வெளியும் தீயணைப்பு வண்டி போகும் பாதையும் எல்லாம் உங்கள் பேஸ்மென்டின் கூரை மேல்தான் இருக்கின்றன. மழைநீர் டைல்ஸுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் தேங்கி, மெதுவாக ஒரு வழி கண்டுபிடித்து இறங்கும், அதனால்தான் இந்தத் தாமதம். மழை விட்டபின் எத்தனை மணி நேரம் கழித்து ஆரம்பிக்கிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று நோட்டில் பாருங்கள். அரை மணியில் வந்தால் நேரான ஓட்டை ஒன்று இருக்கும், ஆறு மணி கழித்து வந்து மூன்று நாள் சொட்டினால் மேலே எங்கோ குளம் மாதிரி தேங்கி நிற்கிறது.

சொட்டும் இடங்கள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட். வெயிலிலும் குளிரிலும் கட்டடம் விரிந்து சுருங்க விட்ட இடைவெளி அது, அதற்குள் இருக்கும் சீலண்ட் வருடங்கள் ஓடினால் இறுகி வெடித்துவிடும். அதைச் சிமெண்ட் வைத்து அடைக்கும் மேஸ்திரியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், அசைய வேண்டிய இடத்தில் அசையாத பொருளை வைத்தால் அடுத்த கோடையிலேயே பிளந்துவிடும். சொட்டு ஒரு பைப்பைச் சுற்றி மட்டும் என்றால் ஸ்லாபை அந்தப் பைப் துளைத்துப் போகும் இடத்தில் அடைப்பு சரியில்லை.

எங்குமே பிடிபடாவிட்டால் மேலே போடியத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். மழை இல்லாத வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டிரெயின் வாயை அடைத்து, மணல் மூட்டையால் சின்னப் பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, கலர் பொடி கலந்து 48 மணி நேரம் வைத்திருங்கள். அவ்வளவு கனத்தைப் போடியம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கீழே கலர் வந்தால் அந்தப் பாத்திதான். வராவிட்டால் அடுத்த பாத்தி, ஒவ்வொரு பாத்திக்கும் வேறு நிறம். பொறுமை வேண்டும், எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது, ஆனால் அதற்கு முன்பு இரண்டு வருடம் வீணடித்திருந்தோம்.

கீழேயிருந்து துளை போட்டு, விரிசலுக்குள் பாலியூரிதேன் கெமிக்கலை அழுத்தி ஏற்றும் பியூ கிரவுட்டிங் எல்லாக் கான்ட்ராக்டருக்கும் பிடித்த வேலை. அந்த விரிசலை அது அடைக்கும்தான், ஆனால் மேலே தேங்கும் தண்ணீர் அப்படியே இருக்குமே, அது வேறு விரிசலைத் தேடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புதிய கட்டடங்கள் பலவற்றில் ஸ்லாபுக்குள் இழுத்து முறுக்கிய எஃகுக் கேபிள்கள் இருக்கின்றன, போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் என்பார்கள். கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடம் கையில் இல்லாமல் அதில் ஒரு துளை போடவும் யாரையும் விடாதீர்கள்.

அறிகுறி: மழையே இல்லை, ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்கு வருகிறது

எங்கள் 42-ஆம் தூண் கதை இதுதான். இரண்டு வருடத்தில் நான்கு தடவை அங்கே கிரவுட்டிங் செய்தோம். மழைக் கசிவு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம், ஏனென்றால் மழைக்காலத்தில் அதிகமாக இருந்தது. நோட்டு வைத்த பிறகு பிப்ரவரி மாதப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: மழை ஒரு சொட்டு இல்லாத மாதத்தில், வாரத்தில் ஆறு நாள், காலை ஒன்பதரையிலிருந்து பத்துக்குள் ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. ஞாயிறு தோட்டக்காரருக்கு விடுமுறை.

எங்கள் பிளம்பர் தர்மபுரிக்காரர், பெங்களூரில் முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவர். அவர் நோட்டின் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தண்ணி கீழ தெரியுற எடத்தையே எதுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கோம், மேல வாங்க" என்று கூட்டிப்போனார். தூணுக்கு நேர் மேலே எதுவும் இல்லை. ஏழு மீட்டர் தள்ளி ஒரு செடித் தொட்டி, கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியது. அதன் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை மண்ணும் வேரும் சேர்ந்து அடைத்திருந்தன. காலையில் தோட்டக்காரர் ஹோஸைப் போட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடுவார், தொட்டி நிறைந்து, பக்கவாட்டில் தண்ணீர் புகாமல் தடுக்கும் மெம்பிரேன் படலம் முடிந்த இடத்துக்கு மேல் ஏறி, கலவைக்குள் இறங்கி, மூன்று மணி நேரம் கழித்து 42-ஆம் தூணில் சொட்டியது. மண்ணை வாரி, ஓட்டையைத் திறந்து, மெம்பிரேனை மேலே வரை ஏற்றிப் போட்டோம், அத்தோடு நின்றது. "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன். "என்னைக் கூப்பிட்டாத்தானம்மா சொல்வேன், கெமிக்கல் கம்பெனியைத்தான கூப்பிட்டீங்க" என்றார். நியாயம்தான்.

நேரம் விடிகாலை இரண்டு, மூன்று மணி, அதுவும் எல்லா நாளும் இல்லை என்றால் காவிரித் தண்ணீர் விடும் நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்புக்கு வரும் லைனில் உள்ள மிதவை வால்வு மூடாமல் நின்றால் சம்ப் நிரம்பி, அதன் மேன்ஹோல் வழியாகவோ சுவர்த் துளை வழியாகவோ பேஸ்மென்டில் வழியும். 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீர் அப்படிக் கார் டயருக்கு அடியில் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வால்வின் விலை சில நூறு முதல் சில ஆயிரம், தள்ளிப்போடாதீர்கள். டேங்கர் இறக்கும் நேரத்தோடு பொருந்தினாலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: இரவும் பகலும் ஒரே அளவில், நிற்காமல்

அழுத்தத்தில் இருக்கும் லைன் ஒன்று ஒழுகுகிறது. குடிநீர் லைன், ஃப்ளஷ் லைன், தீயணைப்பு லைன் மூன்றில் எது என்று பார்க்க வேண்டும்.

தீயணைப்பு லைனுக்கு மோட்டார் அறையிலேயே பதில் இருக்கிறது. அங்கே ஜாக்கி பம்ப் என்று ஒரு சின்ன மோட்டார், லைனில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் தானாக ஓடி ஈடுகட்டும். லைன் நல்லபடியாக இருந்தால் அது அபூர்வமாகத்தான் ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி அணைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பேஸ்மென்ட் கூரையில் தொங்கும் சிவப்புப் பைப்புகளின் ஜாயிண்ட் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கள், ஆனால் அவசரத்தில் அந்த பம்பை அணைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், அழுத்தம் இறங்கிய லைன் தீப்பிடிக்கும்போது கைவிட்டுவிடலாம்.

குடிநீர் லைனுக்கு இரவு இரண்டு மணிதான் சரியான நேரம். சம்பிலிருந்து ஏற்றும் மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் வால்வையும் மூடி, சம்பில் நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்து குறியுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். 5 மீட்டருக்கு 4 மீட்டர் சம்பில் 1 செ.மீ. இறங்கினால் 200 லிட்டர் போய்விட்டது, அப்படியென்றால் சம்பே கசிகிறது. சம்ப் இறங்கவில்லை, மாடி டேங்க் மட்டும் இறங்குகிறது என்றால் டேங்க்கிலிருந்து இறங்கும் பைப்புகளை ஒரு பிளாக்குக்கு ஓர் இரவு என்று மூடிப் பாருங்கள். எந்த இரவு சொட்டு நிற்கிறதோ அந்தப் பைப்தான்.

அறிகுறி: காலையும் இரவும் அதிகம், சோப்பு நுரை அல்லது நாற்றம்

வீடுகளின் கழிவு லைன். ஆட்கள் குளிக்கும், பாத்திரம் கழுவும் நேரத்தோடு சொட்டும் கூடும். பேஸ்மென்ட் கூரைக்கடியில் கிடைமட்டமாக ஓடும் பைப்புகளின் வளைவுகளில்தான் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து அடைத்து ஜாயிண்ட்டைத் தள்ளும். சந்தேகப்படும் வீடுகளில் ஒருவர் சிங்க்கில் கலர் தண்ணீர், இன்னொருவர் குளியலறையில் வேறு கலர் என்று ஊற்றிப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

பெரிய மழையில் பேஸ்மென்டின் தரை டிரெயின் அல்லது சேம்பர் வழியாகச் சாக்கடை மேலே பொங்கினால் அது வேறு விஷயம். யூஜிடி என்னும் தெருவின் பாதாளச் சாக்கடை லைன் கழிவுநீருக்காக மட்டும் போட்டது, ஆனால் தெருவில் பல கட்டடங்கள் மொட்டைமாடி மழைநீரையும் அதில்தான் விடுகின்றன. மழையில் அது நிரம்பி, தாழ்ந்த இடம் எதுவோ அங்கே திரும்பி வரும், உங்கள் பேஸ்மென்டைவிடத் தாழ்ந்தது எதுவும் இருக்காது. கடைசிச் சேம்பரில் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் வால்வு வைத்து, பேஸ்மென்ட் கழிவை நேராக யூஜிடியில் விடாமல் குழியில் சேர்த்து மோட்டாரால் மேலே ஏற்றி விட வேண்டும். உங்கள் கட்டட மழைநீரும் யூஜிடியில் சேர்கிறதா என்று அதே நாளில் பார்த்துவிடுங்கள். தெருவில் அடைப்பு என்றால் நீர் வாரியத்தின் எண் 1916.

அறிகுறி: மழை நின்று நாட்கள் ஆகியும் தரையிலிருந்து ஊறுகிறது

தரையும் சுவரும் சேரும் மூலையில் ஈரக்கோடு, லிஃப்ட் குழியில் தெளிந்த தண்ணீர், தரை விரிசலில் சின்னச் சின்ன ஊற்று, கீழ் பேஸ்மென்டில் மட்டும் பிரச்சினை. செப்டம்பர், அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரிவரைகூட நீடிக்கும். இது நிலத்தடி நீர். போர்வெல் ஆயிரம் அடியில் வறண்டிருக்கிறதே, நிலத்தடி நீர் எங்கிருந்து வரும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். போர்வெல் பாறை இடுக்கில் இருப்பதை எடுக்கிறது. இது அந்தப் பாறைக்கு மேலே, செம்மண்ணில் தேங்கும் மேல்மட்டத்து நீர். ஏரிக்கும் ராஜகாலுவை என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்கும் பக்கத்தில், பள்ளத்தாக்கில் கட்டிய கட்டடங்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உறுதி செய்ய, சுவருக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி, பேஸ்மென்ட் தரையைவிட ஆழமாகத் துளையிட்டு, ஓட்டை போட்ட பிவிசி பைப் ஒன்றை இறக்குங்கள். வாரம் ஒருமுறை நூலில் சின்ன எடை கட்டி விட்டு நீர்மட்டத்தை அளந்தால், மட்டம் தரைக்கு மேல் ஏறும் வாரமும் ஊற்று ஆரம்பிக்கும் வாரமும் ஒன்றாக இருக்கும். லிஃப்ட் குழியை மட்டும் நீங்களோ பிளம்பரோ இறங்கிப் பார்க்காதீர்கள், அது லிஃப்ட் டெக்னீஷியன் வேலை.

மட்டம் தரையைவிட 3 மீட்டர் உயர்ந்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் சுமார் 3 டன் விசை கீழிருந்து தள்ளும். உள்ளே அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அதற்கு முன்னால் அப்பளம் மாதிரி உரிந்து வரும், அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஜாயிண்ட்டில் கிரவுட்டிங் இங்கே உண்மையிலேயே உதவும், ஆனால் முழுவதுமாக நிறுத்தும் என்று யாராவது எழுதிக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். சுவரோரமாகச் சின்னக் கால்வாய் வெட்டி, குழியில் சேர்த்து, மோட்டாரால் எடுத்து, தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்துவதுதான் நீண்ட நாளைக்கு நிற்கும் வழி. சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளை அசிங்கமாக இருக்கிறதென்று அடைத்துவிடாதீர்கள்.

மழைநீர் சேகரிப்பு 2009 முதல் இங்கே சட்டப்படி கட்டாயம், அதை யாரும் மூட வேண்டாம். ஆனால் உறிஞ்சு குழியைப் பேஸ்மென்ட் சுவரை ஒட்டியே, ஆழமில்லாமல் தோண்டியிருந்தால் மொட்டைமாடித் தண்ணீரை நீங்களே சுவருக்குப் பின்னால் ஊற்றுகிறீர்கள். குழியைத் தள்ளி வையுங்கள், பேஸ்மென்ட் தரையைவிட ஆழமாகப் போகட்டும்.

அறிகுறி: தரை வியர்க்கிறது

எங்கும் சொட்டவில்லை, தரை முழுக்கப் பனித்த மாதிரி இருக்கிறது என்றால் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வையுங்கள். தாளின் மேல்புறம் ஈரம் என்றால் காற்றின் ஈரம், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டுங்கள். அடிப்புறம் ஈரம் என்றால் கீழிருந்து ஏறும் ஓதம், மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: வெள்ளைக் கோடு, பழுப்புக் கறை

வெள்ளையாக உப்புப் பூத்து, விழுது மாதிரித் தொங்கினால் கான்கிரீட்டின் சுண்ணாம்பு கரைந்து வருகிறது. அது கார் பெயிண்ட்டை அரித்துவிடும், உடனே வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தற்காலிகமாகக் கூரைக்கடியில் தகரத் தட்டு கட்டித் தண்ணீரைத் திருப்பிவிடலாம், ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. பழுப்புக் கறை என்றால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்து, கணீர் என்று இல்லாமல் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தால் அல்லது சில்லு உதிர்ந்திருந்தால் அங்கே கார் நிறுத்துவதை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், வாட்டர்ப்ரூஃபிங் ஆட்களை அல்ல.

பில்டரிடம் கேட்கும் முன்

வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ தரக்குறைவோ தெரிவித்தால் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு சொல்கிறது. எங்களுக்கு இது தெரிய வந்தபோது 6 வருடம் ஆகிவிட்டது. "பேஸ்மென்டில் லீக்கேஜ் இருக்கிறது" என்று ஒற்றை வரியில் மெயில் அனுப்பினால் ஆள் வந்து பூசிவிட்டுப் போய்விடுவார்கள். தூண் எண், தேதி, மழைக்கு எத்தனை மணி நேரம் கழித்து, நாளைக்கு எத்தனை லிட்டர், கலர் சோதனையில் எந்தப் பாத்தி, சாக்பீஸ் வட்டங்களின் படம் எல்லாம் இணைத்து, காரணத்தைச் சரிசெய்யுங்கள், மேல்பூச்சு வேண்டாம் என்று தெளிவாக எழுதி, மெயிலோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.